ஊசலின் வேர்

அழுத்த வேண்டும், விட வேண்டும். அழுத்தினால் ஆவுடையின் நெஞ்சு மேலே வருகிறது, விட்டால் இறங்குகிறது. ஆயுசு பூராவும் சொற்களோடு மல்லுக்கட்டிய சிவசைலத்துக்குக் கடைசியில் வாய்த்த வேலை இதுதான், பெண்டாட்டியின் வாய்க்குழாயில் மாட்டிய ஒரு ரப்பர் பையை அழுத்துவதும் விடுவதும். ரொம்ப வேகமா வேண்டாம் சார், நீங்க மூச்சு விடுத மாதிரியே விடுங்க, என்று ஆம்புலன்ஸில் கூட வந்த ஆஸ்பத்திரி உதவியாளர் சவரிமுத்து சொல்லிக்கொடுத்துவிட்டு, குழாய் நழுவாமல் பிடித்தபடி எதிரே உட்கார்ந்திருந்தார். முதலில் அவர்தான் அழுத்திக்கொண்டு வந்தார். சிவசைலம் கையை நீட்டி, கொடுங்க, நான் செய்யுதேன் என்றதும் ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். நீங்க மூச்சு விடுத மாதிரி என்று சொன்னால் ஆச்சா? தன் மூச்சை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தவன் எவன் ஒழுங்காக மூச்சு விட்டான், இப்போது சிவசைலத்துக்குத் தன் மூச்சே தப்புத் தப்பாக வந்தது, அதைப் பார்த்து இவளுக்கும் தப்பாகக் கொடுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது, தப்பாகக் கொடுத்தால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, ஆக வேண்டியதுதான் ஆகிவிட்டதே. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பாளையங்கோட்டை டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: இனிமே மிஷின்தான் சார் மூச்சு விடுது, அவங்க இல்லை. வச்சிருக்கிறதுன்னா வச்சிருக்கலாம், வீட்டுக்குக் கொண்டு போறதுன்னாலும் போகலாம். பக்கத்தில் நின்ற மைத்துனன் பிரம்மநாயகம் உடனே, அக்கா உசிரு நம்ம வீட்டு நடையில போகட்டும் அத்தான், இந்தப் பச்சைத் துணிக்குள்ள வேண்டாம் என்றான். சிவசைலம் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக ஆட்டினாரா, பக்கவாட்டில் ஆட்டினாரா, அவருக்கே நிச்சயமில்லை. பிரம்மு சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். இப்போது வண்டி வீரவநல்லூருக்குப் போகிறது. வீட்டு வாசலில் நிற்கும், இவளை உள்ளே கிடத்துவார்கள், பையைக் கழற்றுவார்கள், பால் ஊற்றுவார்கள். அதுவரைக்கும் அழுத்த வேண்டும், விட வேண்டும்.

முன் சீட்டில் பிரம்மு போனில் பெண்டாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தான். ஏட்டி செண்பகம், மேலப்பாளையம் வந்துட்டோம், உசிரு ஊசலாடிக்கிட்டுத்தான் இருக்கு, நீ ஹால்ல கெடக்க சாமானையெல்லாம் ஒதுக்கு, தெக்க தலை வச்சுப் படுக்கப் போடணும், பாலைக் காய்ச்சி ஆற வச்சிரு. ஆற வைக்க வேண்டும், சூடாக ஊற்றினால் வாய் வெந்துவிடும் பாருங்கள், சாகப் போகிறவளுக்கு அந்த அளவுக்குப் பார்த்துச் செய்கிறார்கள். ஊசலாடிக்கிட்டு இருக்கு. பிரம்முவுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எல்லோருக்கும் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான், சாகக் கிடப்பவர்களைப் பற்றிப் பேசும்போது யார் வாயிலும் தானாக வந்து உட்காரும் சொல் அது. ஊசல், பெயர்ச்சொல், ஊஞ்சல், முன்னும் பின்னும் ஆடுவது, முடிவில்லாத தடுமாற்றம். நூலில் இரும்புக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டால் பள்ளிக்கூடத்தில் அது தனி ஊசல், பலகையும் சங்கிலியும் பூச்சரமுமாக இருந்தால் கல்யாண வீட்டில் பொன்னூசல், எந்தக் கட்சிக்குப் போவது என்று தெரியாதவன் மனசு ஊசல், ஆஸ்பத்திரியில் உசிர் ஊசல். போனது திரும்பி வந்தால்தான் ஊசல். பொருளில் சிக்கலே கிடையாது, வேரில்தான் சிக்கல். தெலுங்கில் உய்யால, கன்னடத்தில் உய்யாலெ, மலையாளத்தில் ஊஞ்ஞால். உயிரை உசிர் என்கிறோமே, யகரம் இருந்த இடத்தில் சகரம் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதைப்போல ஊயல் என்று இருந்தது ஊசல் ஆகியிருந்தால், அதற்கும் அடியில் கிடப்பது உய். உய் என்றால் பிழைத்துப்போ. உயிருக்கும் அதுதானே வேர் என்கிறார்கள். அப்படியானால் ஊசலும் உயிரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இதைக் கண்டுபிடித்த அன்று, கண்டுபிடித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்ட அன்று, தான் வேலை பார்த்த அகராதி அலுவலகத்துப் படிகளில் சின்னப் பையன் மாதிரி ஏறிப்போய் முதன்மைப் பதிப்பாசிரியர் அம்பலவாணனிடம் சொன்னார். அம்பலவாணன் ஒன்றிலும் மயங்காத மனுஷர். அழகா இருக்கு சைலம், அழகா இருக்குங்கிறதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு, ஆதாரம் எங்கே, என்றார். ஆதாரம் இல்லை. சிவப்பு மையால் அடித்துவிட்டு, வேர் தெளிவில்லை என்று எழுதிவிட்டார். சிவசைலம் பஸ் பூராவும் புகைந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். ஆவுடை அடுப்படியில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள், நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தபடியே முழுக்கவும் கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஊஞ்சல் ஆடுனா உசிரு பிழைச்சிருமாக்கும்? அப்போ ஆஸ்பத்திரியில கட்டில் எதுக்கு, ஆளுக்கொரு ஊஞ்சலைக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்க. அந்தச் சிரிப்பு அன்றைக்கு அவருக்கு எரிச்சலாக இருந்தது, இப்போது அந்தச் சிரிப்பை ஒரு தரம் கேட்க எதையும் கொடுப்பார், எதைக் கொடுப்பார், கொடுக்க என்ன இருக்கிறது, கையில் இருப்பது ரப்பர் பை.

திடீரென்று சைரன் அலறியது. மேலப்பாளையம் கடைத்தெரு நெரிசலில் டிரைவர் பழக்க தோஷத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டார் போலிருக்கிறது. சிவசைலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது, கை ஒரு தரம் சேர்த்து அழுத்திவிட்டது, ஆவுடையின் நெஞ்சு கொஞ்சம் பெரிதாக எழுந்து இறங்கியது. பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வழி விடுகிறார்கள். லாரி ஒதுங்கி நிற்கிறது, பழவண்டிக்காரர் அடித்துப்பிடித்துத் தள்ளுவண்டியை ஓரம் கட்டுகிறார், ஒரு அரசு பஸ் பாதி சாக்கடையில் இறங்கி இடம் கொடுக்கிறது, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதி மற்றவர்களையும் ஒதுக்குகிறார். முன்னால் யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் கையை வீசி வீசி ஆட்களை விலக்கிக்கொண்டே போகிறான் என்று பிரம்மு திரும்பிச் சொன்னான். நல்ல மனுஷங்க அத்தான், எப்படி வழி விடுதாங்க பாருங்க. நல்ல மனுஷர்கள்தான். அதுதான் கொடுமை. ஒரு உயிரைப் பிழைக்க வைக்கக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறார்கள், வாசலில் நின்ற ஒரு பெண்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டு யாரோ முகம் தெரியாத ஆவுடைக்காகச் சாமியைக் கூப்பிடுகிறாள். அய்யா புண்ணியவான்களே, வழியை விடாதீர்கள், மறியுங்கள், சண்டை போடுங்கள், வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போங்கள், தினமும் செய்வதுதானே, இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி நல்லவர்களாகத் தொலைகிறீர்கள். நீங்கள் விடுகிற ஒவ்வொரு முழமும் இவளுடைய ஆயுசில் குறைகிறது. பிரம்மு, சைரனை நிப்பாட்டச் சொல்லு, என்றார், குரல் கீச்சென்று வந்தது. ஏன் அத்தான், சீக்கிரம் போயிரலாம்லா. நிப்பாட்டச் சொல்லுடே, சீக்கிரம் போயி என்ன செய்யப்போறோம்? பிரம்மு டிரைவரிடம் கையைக் காட்டினான். சைரன் நின்றது. முன்னீர்ப்பள்ளம் தாண்டியதும் ரோடு காலியாகிவிட்டது, வயல்களுக்கு நடுவே வண்டி யாரும் வழிவிடாமலேயே பறந்தது.

குளிர்ந்துவிட்டதா கை? பையை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு வலதுகையால் ஆவுடையின் புறங்கையைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்த கை, ஒரு காலத்தில் சுள்ளென்று அவர் கையில் அடித்த கை. எங்கே வைத்து அடித்தாள், ஆற்றங்கரை அம்மன் கோயில் வேப்பமரத்தடியில் வைத்து. கல்யாணமாகி ரொம்ப நாள் பிள்ளை இல்லை. அந்த மரத்தில் தொட்டில் கட்டினால் பிள்ளை வரும் என்று சொல்லி அவளுடைய அம்மா ஒரு மரத்தொட்டில் வாங்கிக்கொடுத்தாள், உள்ளங்கை அகலத்தில், மஞ்சள் பூசியது. சிவசைலத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, வந்தாயிற்று, நிற்போம் என்று நின்றார். ஆவுடை கால்விரலில் எக்கி நின்று கிளையில் கயிற்றை முடிந்தாள், கண்ணை மூடிக் கும்பிட்டாள். மரம் பூராவும் தொட்டில்கள், எத்தனை வீட்டு ஏக்கமோ, எல்லாம் லேசாக ஆடிக்கொண்டிருந்தன, இவர்களுடையது மட்டும் புதிதாகக் கட்டியதால் ஆடாமல் இருந்தது. சும்மா இருக்கமாட்டாமல் அவர் சுண்டுவிரலால் அதைத் தொட்டு ஆட்டிவிட்டார். கண்ணைத் திறந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். சுள்ளென்று ஒரு அடி. வெறுந்தொட்டிலை ஆட்டுவாங்களா, உங்களுக்குக் கூறு இருக்கா? காத்து ஆட்டலாம், சாமி ஆட்டலாம், நாம ஆட்டலாமா? படித்த மனுஷனுக்குச் சிரிப்பு வந்தது, ஆட்டினா என்ன செய்யும் என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. பதில் பிறகு வந்தது, வராமலே இருந்து வந்தது, பிள்ளை வராமலே போயிற்று. ஆவுடை அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. யார் வீட்டுக்காவது பேர் வைக்கப் போனால் மட்டும், தொட்டிலுக்குப் பக்கத்தில் அவர் போகும்போது அவள் கண் அவர் கையைப் பார்க்கும். நம்பிக்கை இல்லாதவர்தான், என்றாலும் அந்தப் பார்வைக்குக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இப்போது அந்தக் கை என்ன செய்கிறது? இனிமே மிஷின்தான் மூச்சு விடுது, அவங்க இல்லை என்றாரே டாக்டர். அவங்க இல்லை. அப்படியானால் இந்த நெஞ்சு எழுந்து இறங்குவது யாருடையது, இவர் ஆட்டுவதால் ஆடுகிறது, உள்ளே ஆள் இல்லாமல் ஆடுகிறது. நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் சுட்டது போல விலகிக்கொண்டது. அழுத்த வேண்டும், விட வேண்டும்.

சேரன்மகாதேவி தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றதும் முதலில் என்னவென்று புரியவில்லை, எட்டிப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாகக் குறுக்கே கம்பி. சிவசைலத்துக்குச் சிரிப்பே வந்துவிட்டது, சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், பெண்டாட்டியைச் சாகக் கொண்டுபோகிற வழியில் எவனாவது இப்படிச் சந்தோஷப்படுவானா. தென்காசி வண்டி இப்பம் வந்துரும் என்று டிரைவர் சொன்னார். ரயில் தாமதமாக வரட்டும், வழியில் படுத்துக்கொள்ளட்டும். கேட்டுக்கு இந்தப் பக்கம் உலகம் நின்றுவிட்டது, கேட்டுக்கு இந்தப் பக்கம் ஆவுடை இருக்கிறாள். எண்ணெய் வைக்காத தலைமுடி வண்டிக்குள் சுழன்ற காற்றாடியில் பறந்தது, அதை ஒதுக்கிவிட்டார். அப்போது இடது கண் இமை அசைந்தது. அசைந்தது. அவர் பார்த்தார். சவரிமுத்து, பாருங்க, கண்ணு, கண்ணு அசையுது. சவரிமுத்து குனிந்து, இமையைப் பிரித்து, சின்ன டார்ச்சு அடித்துப் பார்த்தார். அந்தக் கண் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளவே இல்லை, வாசல் திறந்து கிடக்கிற காலி வீடு. என்ஜின் ஓடுதுல்லா சார், அந்த அதிர்வுதான், என்றார் சவரிமுத்து. என்ஜினை அணைக்கச் சொல்லுங்க, என்றார் சிவசைலம். டிரைவர் அணைத்தார். இமை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். அசையவில்லை. காற்றாடியும் நின்றதால் வண்டிக்குள் ஒரு புளித்த வாடை கிளம்பியது. காலடியில் பைக்குள் மத்தியானத்துக்கென்று யாரோ கொடுத்துவிட்ட தயிர்சாதம் திறக்காமலே கிடக்கிறது, ஊசிப்போயிருக்கும். அகராதியில் ஊசல் இரண்டு. ஒன்று ஆடுவது, மற்றது கெட்டுப்போவது. இரண்டாவதை அவர் நினைக்கமாட்டார், நினைக்கமாட்டேன் என்று நினைப்பதே அதை நினைப்பதுதான், டிரைவர், என்ஜினைப் போடுங்க. ரயில் தடதடவென்று போயிற்று, ஜன்னலில் ஒரு குழந்தை கையை ஆட்டிக்கொண்டே போனது. கேட் தூக்கினார்கள். கேட்காரரும் நல்ல மனுஷர், ஆம்புலன்ஸைப் பார்த்து மற்ற வண்டிகளை மறித்து இவர்களை முதலில் விட்டார்.

வீரவநல்லூர் வந்துவிட்டது, தேரடி வந்துவிட்டது, தெருமுக்கு வந்துவிட்டது. தெருவில் ஆட்கள் நிற்பது பின்கண்ணாடியில் தெரியவில்லை, ஆனால் பிரம்மு, அந்தா ஆளுக நிக்காங்க பாருங்க அண்ணாச்சி, அந்தப் பச்சைக் கேட்டுதான், என்று டிரைவரிடம் சொல்வது கேட்டது. சிவசைலம் வாயைத் திறந்தார், என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே திறந்தார். நிறுத்தாதீங்க, என்றார். என்ன அத்தான்? நிறுத்தாதீங்க, நேரே போகச் சொல்லு, கால்வாய்ப் பாலம் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வருவோம். அத்தான், எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காங்க, என்றான் பிரம்மு. நிக்கட்டும், நாம செத்தா போயிட்டோம்? அந்தச் சொல் அவர் வாயிலிருந்துதான் வந்தது. டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார், எத்தனை பேரை இப்படி வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியவரோ, ஒன்றும் கேட்காமல் வேகத்தைக் குறைக்காமல் போனார். இப்போது பின்கண்ணாடியில் தெருக்காரர்கள் தெரிந்தார்கள். வாசலில் தண்ணீர் தெளித்து பெஞ்சு போட்டு, செண்பகம் கையில் டம்ளரோடு நிற்கிறாள், வண்டி தன்னைத் தாண்டிப் போவதை வாயைப் பிளந்து பார்க்கிறாள். வீடு பின்னால் போயிற்று, சின்னதாயிற்று, மறைந்தது. பாலத்தடியில் கால்வாய் நிறையத் தண்ணீர் ஓடியது. ஆவுடை, பாலம் வந்துட்டோம் பாரு, என்றார் அவர், சாயங்காலம் இரண்டு பேரும் நடந்து வந்து உட்காரும் கட்டைச்சுவர் இங்கேதான் இருக்கிறது. வண்டி திரும்பியது. திரும்பினால் மறுபடி வீடு. வீடு வந்தது, நிற்க வேண்டிய இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார், சிவசைலம் இன்னொரு தடவை என்றார். அத்தான், என்று பிரம்மு முழுசாகத் திரும்பினான், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது, டிரைவரிடம், போங்க அண்ணாச்சி, என்றான். வீட்டு நடையில் உசிர் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன்தான். சவரிமுத்து ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள்ளைத் தட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் வராது சார், என்றார். இந்தத் தடவை வண்டி தேரடி வரைக்கும்தான் போனது. தேரடியில் மாடுகள் படுத்துக் கிடந்தன, அவை மட்டும் வழி விடவில்லை, ஆனால் திருப்ப இடம் இருந்தது.

பச்சைக் கேட் முன்னால் வண்டி நின்றது. கதவைத் திறந்தார்கள், வெயிலும் முகங்களுமாக உள்ளே வந்து விழுந்தன, அக்கா, ஏ அக்கா என்று செண்பகம் ஆரம்பித்துவிட்டாள். சிவசைலம் அழுத்திக்கொண்டிருந்தார். பையைக் கழற்றித்தான் இறக்கணும் சார், விடுங்க, என்றார் சவரிமுத்து. அழுத்திக்கொண்டிருந்தார். அத்தான், என்றான் பிரம்மு. நெஞ்சு எழுந்தது, இறங்கியது, எழுந்தது, உள்ளே யாரும் இல்லாமல் எழுந்தது, இறங்கியது, அப்போது புறங்கையில் சுள்ளென்று பட்டது போல இருந்தது. யாரும் தொடவில்லை. அவள் கை கட்டில் விளிம்பில் அப்படியேதான் கிடந்தது. உங்களுக்குக் கூறு இருக்கா? இருக்குடி, இருக்கு, என்று அவர் கையை எடுத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சவரிமுத்து பையைக் கழற்றினார். அப்போது ஆவுடை மூச்சு விட்டாள். யாரும் அழுத்தாமல், தானாக, குழாயில் கர்ரென்று சத்தம் வர, நெஞ்சு மேலே வந்து இறங்கியது. அக்கா, என்று பிரம்மு கத்தினான். சிவசைலத்தின் கை பின்னாலிருந்து பாய்ந்து வந்தது, பையைப் பிடிங்கடா, அவ இருக்கா, உள்ளே இருக்கா, உய், உய் என்று உள்ளுக்குள் ஏதோ கூவியது, சவரிமுத்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அது அப்படித்தான் சார், கொஞ்சம் வரும், பிறகு நின்னுரும், அது அவங்க இல்லை சார். இன்னொன்று வந்தது, முந்தியதைவிடச் சின்னதாக. பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று, அதையும்விடச் சின்னதாக. சிவசைலத்துக்குத் தெரிந்த ஆட்டம்தான் இது. ஆட்டிவிட்ட கையை எடுத்த பிறகும் ஊஞ்சல் கொஞ்ச நேரம் போய்வரும். அம்பலவாணன் சொன்னது சரி, ஆதாரம் இல்லை, அந்தச் சொல்லின் அடியில் உய் இல்லை, எதுவுமே இல்லை. செண்பகம் பால் டம்ளரை நீட்டினாள். ஆறியிருக்கிறதா என்று அவர் தொட்டுப் பார்த்தார், ஆறித்தான் இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மூச்சு வரட்டும், வந்ததும் ஊற்றலாம் என்று நின்றார். டிரைவர் என்ஜினை அணைத்தார்.